எருசலேம் கல்லும் எங்கள் ஊர்ச் சுவர்களும்

1871ஆம் ஆண்டு எருசலேமில் கிளெர்மோன்-கன்னோ என்ற பிரெஞ்சு ஆய்வாளர் ஒரு சுண்ணாம்புக் கல்லைக் கண்டெடுத்தார். அதில் கிரேக்க எழுத்தில் ஏழு வரிகள். வேற்று இனத்தார் எவரும் கோயிலைச் சுற்றியுள்ள தடுப்புக்கு உள்ளே நுழையக் கூடாது, நுழைந்து பிடிபட்டால் அதனால் வரும் சாவுக்கு அவரே பொறுப்பு என்பதுதான் அந்த வரிகளின் செய்தி. அந்தக் கல் இன்று துருக்கியில், இஸ்தான்புல் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதே வாசகம் கொண்ட இன்னொரு கல்லின் உடைந்த துண்டு 1935இல் கிடைத்தது. அதன் எழுத்துகளில் சிவப்புச் சாயம் பூசிய தடம் இன்னும் இருக்கிறது. பார்ப்பவர் கண்ணில் பளிச்சென்று பட வேண்டும் என்று பூசியிருப்பார்கள்.

இயேசு வாழ்ந்த காலத்தில் நின்ற கல் இது. ஏரோது மன்னன் விரித்துக் கட்டிய எருசலேம் கோயிலில் வெளிமுற்றம் வரை எல்லாரும் போகலாம். அதற்குமேல் யூதர் மட்டுமே போகலாம். நடுவே மூன்று முழ உயரத்துக்கு ஒரு கல் தடுப்பு இருந்தது என்று அக்கால வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதியிருக்கிறார். தடுப்பில் ஆங்காங்கே கிரேக்கத்திலும் இலத்தீனிலும் எச்சரிக்கைப் பலகைக் கற்கள் இருந்தன என்றும் சொல்கிறார். அவர் எழுதியது உண்மை என்பதை மண்ணுக்குள்ளிருந்து வந்த கல் உறுதிசெய்தது.

விவிலியம் படிப்பவர்களுக்கு இந்த இடம் புதிதல்ல. திருத்தூதர் பணிகள் 21ஆம் அதிகாரத்தில் பவுல் எருசலேம் கோயிலில் பிடிபடுகிறார். எபேசு நகரத்து துரோப்பிமு என்ற வேற்று இனத்தானைக் கோயிலுக்குள் கூட்டிவந்து தீட்டுப்படுத்திவிட்டார் என்பது குற்றச்சாட்டு. ஊரே திரண்டு அடிக்கிறது. உரோமைப் படைவீரர்கள் வந்து இழுத்துக்கொண்டு போகாவிட்டால் அன்றைக்கே அவர் கதை முடிந்திருக்கும். எபேசியருக்கு எழுதிய திருமுகத்தின் 2ஆம் அதிகாரம் இரண்டு இனத்தாரைப் பிரித்து நின்ற சுவரைக் கிறிஸ்து தகர்த்துவிட்டார் என்று பேசுகிறது. அங்கே சொல்லப்படும் சுவர் இந்தக் கோயில் தடுப்புதான் என்று சில அறிஞர்கள் கருதுகிறார்கள். அது உவமைதான் என்று சொல்வோரும் உண்டு. எப்படியானாலும், உடைப்பதற்கு ஒரு சுவர் இருந்தது என்பதில் ஐயமில்லை.

இந்தக் கல்லின் படத்தைக் காட்டி நம் சபைகளில் பிரசங்கம் செய்கிறார்கள். நல்லதுதான். ஆனால் பெரும்பாலும் அந்தப் பிரசங்கம் எங்கே போய் முடிகிறது? யூதர்கள் எவ்வளவு குறுகிய மனம் படைத்தவர்கள், நாம் எவ்வளவு விடுதலை பெற்றவர்கள் என்பதில் போய் முடிகிறது. இயேசுவும் பவுலும் யூதர்கள்தான். அந்தச் சுவருக்கு எதிராகப் பேசியவர்களும் அந்தச் சமூகத்தில் பிறந்தவர்கள்தான். அந்தக் கோயிலையே கி.பி. 70இல் உரோமையர் இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். இல்லாத கோயிலின் இல்லாத சுவரைத் திட்டுவதால் யாருக்கும் ஒரு செலவும் இல்லை. நம் ஊர்க் கல்லறையின் நடுவே நிற்கும் சுவரைப் பற்றிப் பேசினால்தான் செலவு வரும்.

எதை நிரூபிக்கத் தோண்டுகிறோம்?

விவிலியமும் தொல்லியலும் என்ற தலைப்பில் பேசுவதற்கு நம் கிராமச் சபைகளில் இப்போது நல்ல வரவேற்பு. கன்வென்ஷன் கூட்டங்களில் திரை கட்டிப் படம் காட்டுகிறார்கள். வாட்ஸ்அப்பில் செங்கடலுக்கு அடியில் பார்வோனின் தேர்ச்சக்கரம் கிடைத்தது என்று ஒரு வீடியோ பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது. எந்த ஆய்வாளரும் ஏற்றுக்கொள்ளாத கதை அது. பொய்யை வைத்து வேதத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய தேவை எந்த விசுவாசிக்கும் இல்லை.

உண்மையான கண்டுபிடிப்புகளே போதுமான அளவு இருக்கின்றன. இஸ்ரயேல் என்ற பெயர் வரும் மிகப் பழைய கல்வெட்டு எகிப்து மன்னன் மெர்னெப்தாவுடையது. ஏறத்தாழ கி.மு. 1208ஐச் சேர்ந்தது. 1896இல் பெட்ரி கண்டெடுத்தார். தாவீதின் வீடு என்று அரச மரபைக் குறிப்பிடும் கல்வெட்டுத் துண்டு 1993இல் தேல் தான் என்ற இடத்தில் கிடைத்தது. பொந்தியு பிலாத்துவின் பெயர் பொறித்த கல் 1961இல் செசரியாவில் கிடைத்தது.

இவையெல்லாம் மதிப்புமிக்கவை. ஆனால் பிலாத்து என்று ஓர் ஆளுநர் இருந்தான் என்று கல் சொல்வதால் நம் வாழ்க்கையில் எதுவும் மாறப்போவதில்லை. கற்கள் அரசர்களைப் பற்றியும் ஆளுநர்களைப் பற்றியும்தான் அதிகம் பேசும். ஏனென்றால் கல்லில் வெட்டி வைக்கும் வசதி அவர்களுக்குத்தான் இருந்தது. கல் சுமந்தவன் பெயர் கல்லில் இருக்காது. நம் ஊர்க் கல்வெட்டுகளிலும் அப்படித்தான். நிலம் கொடுத்தவர் பெயர் இருக்கும், அந்த நிலத்தில் உழுதவர் பெயரைத் தேட வேண்டியிருக்கும்.

ஆகவே தொல்லியலை வேறு விதமாகப் படிக்கச் சொல்கிறேன். வேதம் உண்மையா என்று சோதிக்க மட்டும் அல்ல. அந்த வீட்டில் யார் உட்கார்ந்தார், யார் நின்றார், யார் சமைத்தார், யார் கடைசியில் சாப்பிட்டார், செத்த பிறகு யாரை எங்கே வைத்தார்கள் என்று கேட்கப் படிக்க வேண்டும். அப்படிப் படித்தால் 2000 ஆண்டுக்கு முந்தைய கிரேக்க நகரம் நம் பக்கத்து ஊர் போலத் தெரியும்.

கொரிந்தில் ஒரு விருந்து

கொரிந்து கிரேக்க நாட்டின் துறைமுக நகரம். பணக்கார வணிகர்கள், விடுதலை பெற்ற அடிமைகள், கூலிகள், அடிமைகள் எல்லாரும் இருந்த ஊர். அங்கே சபைக்கென்று தனிக் கட்டடம் கிடையாது. வசதியுள்ள யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். ஆண்டவரின் திருவிருந்து என்பது அப்போது ஒரு துண்டு அப்பமும் ஒரு வாய் இரசமும் மட்டும் அல்ல. சேர்ந்து உண்ணும் முழுச் சாப்பாடாகவும் இருந்தது. கி.பி. 50களின் நடுவில் பவுல் அந்தச் சபைக்கு எழுதிய முதல் கடிதத்தின் 11ஆம் அதிகாரத்தில் கடுமையாகக் கோபப்படுகிறார். சிலர் முந்திக்கொண்டு உண்டு குடித்து வெறிக்கிறார்கள், சிலர் பசியோடு கிடக்கிறார்கள், இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்கள், இது ஆண்டவரின் விருந்தே அல்ல என்கிறார்.

இந்தப் பகுதியை நம் சபைகளில் நற்கருணை வாங்குமுன் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும், தகுதியின்றி வாங்கக் கூடாது என்பதற்கு மட்டும் பயன்படுத்துகிறார்கள். பவுலின் கோபம் தனிமனிதப் பாவத்தின் மேல் மட்டும் அல்ல. சாப்பாட்டுப் பந்தியில் இருந்த பாகுபாட்டின் மேல்.

எருசலேமில் பேராசிரியராக இருந்த டொமினிக்கன் துறவி ஜெரோம் மர்ஃபி-ஓ'கானர் இதைத் தொல்லியலோடு வைத்துப் படித்தார். கொரிந்தில் அனப்லோகா என்ற இடத்தில் ஒரு செல்வரின் வீடு தோண்டி எடுக்கப்பட்டிருக்கிறது. அதன் உணவுக்கூடம் ஏறத்தாழ 5.5 மீட்டர் அகலம், 7.5 மீட்டர் நீளம். அக்கால வழக்கப்படி சாய்விருக்கைகளில் சாய்ந்து உண்பதானால் அதில் 9 பேர், நெருக்கினால் இன்னும் ஓரிருவர் இருக்கலாம். மற்றவர்கள் எங்கே போவார்கள்? நடுமுற்றத்துக்குத்தான். வீட்டுக்காரரும் அவருக்குச் சமமானவர்களும் உள்ளே சாய்ந்திருப்பார்கள். கூலிகளும் அடிமைகளும் வேலை முடிந்து இருட்டிய பிறகு வந்து முற்றத்தில் நிற்பார்கள் அல்லது குந்துவார்கள். அதற்குள் உள்ளே சாப்பாடு பாதி முடிந்திருக்கும்.

இந்த விளக்கத்தை எல்லா அறிஞர்களும் ஏற்கவில்லை என்பதையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். டேவிட் ஹாரெல் என்பவர், அந்த வீட்டின் காலத்தையே கேள்விக்குள்ளாக்கலாம், சபை அவ்வளவு பெரிய வீட்டில் கூடியதற்குச் சான்றில்லை, கடைத்தெரு மாடி அறைகளிலும் கூடியிருக்கலாம் என்று 2004இல் எழுதினார். ஆய்வு அப்படித்தான் நகரும். ஆனால் வீடு பெரிதோ சிறிதோ, சிலர் நிறைந்தார்கள், சிலர் பசித்தார்கள் என்பதைப் பவுலே எழுதியிருக்கிறார். அதில் கருத்து வேறுபாடு இல்லை.

அந்தக் காலத்து விருந்து எப்படி இருந்தது என்பதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. இளைய பிளினி என்ற உரோமை எழுத்தாளர் தான் போன ஒரு விருந்தைப் பற்றி நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வீட்டுக்காரர் தனக்கும் முக்கியமானவர்களுக்கும் உயர்ந்த பதார்த்தங்களை வைத்தார். மற்றவர்களுக்கு மட்டமானதை வைத்தார். திராட்சை இரசமும் மூன்று தரம். ஒன்று தனக்கும் சமமானவர்களுக்கும், ஒன்று தாழ்ந்த நண்பர்களுக்கும், ஒன்று விடுதலை பெற்ற அடிமைகளுக்கும். பிளினிக்கே அது அருவருப்பாக இருந்தது. ஒரே கூடத்தில் மூன்று குடுவை. டீக்கடையில் சேரிக்காரனுக்குத் தனிக் குவளை வைத்த ஊர்களில் வளர்ந்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல உரையாசிரியர் தேவையா?

நாங்கள் சேரித் தெருக்களில் நடத்தும் வாசிப்புக் கூட்டம் ஒன்றில் கொரிந்தியர் பகுதியை வாசித்தபோது, நடவு வேலைக்குப் போய்விட்டு நேரே வந்து உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி கேட்டார்: "வேலைக்குப் போய்ட்டு பொழுது சாஞ்சி வர்றவங்களுக்குக் கஞ்சி இல்லேன்னா, அதுக்குப் பேரு சாமி சாப்பாடா தம்பி?" எழுதப் படிக்கத் தெரியாதவர். அந்த அதிகாரத்தின் நடுநரம்பைத் தொட்டுவிட்டார். முற்றத்தில் நின்று பழகியவருக்கு முற்றத்தில் நின்றவரின் பசி தெரிகிறது. விவிலியப் படிப்புக்கு இதுவும் ஒரு தகுதி. குருமடத்தில் கிடைக்காத தகுதி.

மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு இதைப் புரிந்துகொண்டவர். பரட்டை என்ற பெயரில் அறியப்பட்டவர். கிராமத்து இசையில், சேரி மக்களின் பேச்சில் வழிபாட்டுப் பாடல்களை உருவாக்கினார். ஒரே உலை என்பதை அவர் இறையியலாகவே பேசினார். எல்லாரும் கொண்டுவந்ததை ஒரே பானையில் போட்டுச் சமைத்துச் சேர்ந்து உண்பதுதான் சபை என்றார். கொரிந்தியர் கடிதத்துக்குத் தமிழ் மண்ணில் பிறந்த உரை என்று அதைச் சொல்லலாம்.

வடக்கன்குளத்துச் சுவர்

எருசலேம் தடுப்பு ஒரு கல்லாகவும் ஒரு துண்டாகவும்தான் மிஞ்சியது. நம் சுவர்களின் கதை நீதிமன்ற ஏட்டிலேயே இருக்கிறது.

திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் 1872இல் கட்டி முடிக்கப்பட்ட திருக்குடும்ப ஆலயத்தின் அமைப்பு விசித்திரமானது. பீடம் ஒன்று. அதிலிருந்து இரண்டு கால்கள் போலப் பிரிந்து போகும் இரண்டு கூடங்கள். ஒரு கூடத்தில் இருப்பவர் கண்ணுக்கு மறு கூடத்தில் இருப்பவர் தெரியமாட்டார். ஒருபுறம் பிள்ளைமாரும் முதலியாரும், மறுபுறம் நாடார் உள்ளிட்ட மற்றவர்கள். இடையே சுவர். எல்லாரும் ஒரே குருவைப் பார்க்கலாம், ஒரே அப்பத்தை வாங்கலாம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. சாதிச் சண்டைக்குத் தீர்வாக மறைப்பணியாளர்கள் ஏற்றுக்கொண்ட வரைபடம் அது.

1910 வாக்கில் அந்தச் சுவரைத் திருச்சபையே இடித்தது. உடனே வழக்கு. ஆலயத்தில் தங்களுக்குத் தனி உரிமை உண்டு, பீடப்பணிகளைத் தாங்கள் மட்டுமே செய்ய வேண்டும், இடித்த சுவரைத் திரும்பக் கட்டித்தர வேண்டும் என்று பிள்ளை, முதலியார் தரப்பினர் கேட்டார்கள். மைக்கேல் பிள்ளை எதிர் ஆயர் பார்த் என்று அந்த வழக்கு சட்ட ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் அவர்கள் கோரிக்கையை ஏற்கவில்லை.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, சாதி இந்து சமயத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த தூசி, கழுவினால் போய்விடும் என்று சொல்கிறார்கள். வடக்கன்குளத்துச் சுவர் ஒட்டிக்கொண்டு வந்ததல்ல. திருச்சபையின் இடத்தில், திருச்சபையின் ஒப்புதலோடு எழும்பியது. இரண்டு, சுவரை எழுப்பிய திருச்சபையால் அதை இடிக்கவும் முடிந்தது. எதிர்ப்பு வந்தது, வழக்கு வந்தது, ஆனாலும் திருச்சபை அழிந்துவிடவில்லை. காலம் கனியட்டும் என்று இன்றைக்குச் சொல்பவர்கள் இந்த இரண்டாவது செய்தியைப் படிக்க வேண்டும்.

சீர்திருத்தச் சபைகளும் இதற்கு விலக்கல்ல. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வேறுபாடு உடனே கைவிடப்பட வேண்டும் என்று கடிதம் விடுத்தார். தனி இருக்கை, தனிக் கிண்ணம் எல்லாம் ஒழிய வேண்டும் என்றார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். கிறிஸ்துவை விட்டாலும் விடுவேன், சாதியை விடமாட்டேன் என்பதுதான் அந்த வெளிநடப்பின் பொருள்.

செத்த பிறகும் தீராத தீட்டு

இன்று ஆலயத்துக்குள் சுவர் எழுப்ப யாருக்கும் துணிவில்லை. ஆகவே சுவர் கல்லறைக்குப் போய்விட்டது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறையைச் சாதியாகப் பிரித்து நின்ற சுவரை அகற்றக் கோரி நடந்த போராட்டங்களைச் செய்தித்தாள் படிப்பவர்கள் அறிவார்கள். அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் 2008 மார்ச்சில் நடந்ததும் எளிதில் மறக்கக்கூடியதல்ல. பிணத்தை எடுத்துப்போகும் பாதை, கல்லறை, திருவிழா என்று எல்லாவற்றிலும் விலக்கப்பட்ட தலித் கத்தோலிக்கர் எங்களுக்குத் தனிப் பங்கு கொடுங்கள் என்று கேட்டார்கள். மோதல் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். சுட்டவனும் செத்தவர்களும் அடிபட்டவர்களும் எந்த ஊர்க்காரர்களாக இருந்தாலும், அந்த இரண்டு உயிர்களும் சாதிக்கே பலியாயின.

கல்லறையைப் பற்றித் தொல்லியல் என்ன சொல்கிறது? 1968இல் எருசலேமின் வடபகுதியில் ஒரு குடும்பக் கல்லறையைத் திறந்தபோது, யெகோகனான் என்ற பெயர் பொறித்த எலும்புப் பேழை கிடைத்தது. அதற்குள் இருந்த குதிங்கால் எலும்பில் ஓர் இரும்பாணி அப்படியே குத்தி நின்றது. இயேசு காலத்தில் சிலுவையில் அறையப்பட்ட மனிதன் அவன். அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் கொடுக்கப்பட்ட, சொல்லவே கூசும் தண்டனை சிலுவை. ஆனாலும் அவனுடைய உறவினர்கள் அவன் எலும்புகளைச் சேர்த்து, பெயர் எழுதி, குடும்பக் கல்லறையில் மற்றவர்களோடு வைத்திருக்கிறார்கள். அரசு அவமானப்படுத்திய உடம்பை உறவு ஏற்றுக்கொண்டது. நம் பங்குகளில் அரசு எதுவும் செய்யவில்லை, உறவுதான் தள்ளி வைக்கிறது.

உரோமையில் அப்பியா சாலையோரத்தில் பூமிக்கடியில் ஒரு கல்லறை வளாகம் இருக்கிறது. கலிஸ்துஸ் கல்லறை என்று பெயர். மூன்றாம் நூற்றாண்டுத் திருத்தந்தையர் பலர் அங்கே அடக்கம் செய்யப்பட்டார்கள். அந்தக் கலிஸ்துஸ் யார்? அடிமையாக இருந்தவர். அவரைக் கடுமையாக எதிர்த்த ஒருவரே இதை எழுதி வைத்திருக்கிறார். அடிமையாக இருந்தவரிடம் திருச்சபை தன் கல்லறைப் பொறுப்பை ஒப்படைத்தது. பிறகு அவரே 217 வாக்கில் உரோமையின் ஆயரானார், அதாவது திருத்தந்தையானார். நம் ஊர்களில் குழி வெட்டுவதற்குச் சேரியிலிருந்து ஆள் வேண்டும். அதே ஆள் செத்தால் அந்தக் குழி அவருக்குக் கிடையாது. 1800 ஆண்டுகளுக்கு முன்னால் இருந்த திருச்சபை நமக்குப் பின்னால் இருக்கிறதா, முன்னால் இருக்கிறதா?

சட்டமும் கைவிட்டவர்கள்

தலித் கிறிஸ்தவர் இரண்டு பக்கமும் அடிபடுகிறவர். 1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியிலிருந்து விலக்கியது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அந்தக் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் சமயத்தைக் காரணம் காட்டி விலக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள்.

கிறிஸ்தவத்தில் சாதி இல்லை, ஆகவே உனக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் இல்லை என்கிறது அரசு. நீ சேரிக்காரன், ஆகவே தேர் உன் தெருவுக்கு வராது என்கிறது பங்கு. அரசிடம் போய் எங்களுக்குள் சாதிக் கொடுமை இருக்கிறது, சலுகை கொடுங்கள் என்று ஆண்டுதோறும் மனுக் கொடுக்கும் திருச்சபைத் தலைவர்கள், அந்தக் கொடுமையைத் தங்கள் கைக்கு எட்டிய தூரத்தில் ஒழிக்க என்ன செய்தார்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். 2003 நவம்பரில் தமிழக ஆயர்களைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவர்களுக்கிடையே சாதிப் பாகுபாடு இருப்பது நற்செய்திக்கு எதிரானது என்று நேராகவே சொன்னார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டது. 2022இல் ஆயர் அந்தோனி பூலா கர்தினாலாக்கப்பட்டார். தலித் சமூகத்திலிருந்து வந்த முதல் கர்தினால். இவற்றை மதிக்கிறேன். ஆனால் உரோமையில் சொன்னது நம் ஊர்ப் பங்குப் பேரவைக் கூட்டத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இரண்டு மறுப்புகள்

இப்படி எழுதும்போதெல்லாம் இரண்டு குரல்கள் கேட்கும். திருச்சபைதானே உங்களுக்குப் பள்ளிக்கூடம் கொடுத்தது, மருத்துவமனை கொடுத்தது, நன்றி இல்லாமல் பேசலாமா என்பது முதல் குரல். கொடுத்தது, மறுக்கவில்லை. தெருவில் நடக்கவே விடாத காலத்தில் எங்கள் பாட்டன்மாருக்கு எழுத்தைக் கொடுத்த பள்ளிகள் உண்டு. அந்த எழுத்தைக் கொண்டுதான் இன்று கேள்வி கேட்கிறோம். எழுத்துக் கற்றுக்கொடுத்தவர், எழுதியதைப் படிக்கக் கோபப்படக் கூடாது. கன்னியர் மடத்துக்குள் சென்று அங்கே சாதியைக் கண்டு வெளியேறிய பாமா 1992இல் 'கருக்கு' எழுதினார். அந்த நூலைப் படித்து எந்தக் கிறிஸ்தவனின் நம்பிக்கையும் கெட்டுப்போகவில்லை. தன்னைத் திரும்பிப் பார்க்கும் வாய்ப்பைத்தான் அது தந்தது.

சிறுபான்மையினர் மீது தாக்குதல் நடக்கும் காலத்தில் வீட்டுச் சண்டையை வீதிக்குக் கொண்டுவரலாமா, மதவெறியர்களுக்கு வாய்ப்பாகிவிடாதா என்பது இரண்டாவது குரல். இது உண்மையான கவலை. தேவாலயம் தாக்கப்படும்போது முதலில் அடிபடுவதும் சேரி ஜெபக்கூடம்தான், அதைக் காக்க முன்னால் நிற்பதும் சேரி மக்கள்தான். அப்படி முன்னால் நிற்பவர்களைத் திருவிழாவில் பின்னால் நில் என்று சொல்வதுதான் எதிரிக்கு வாய்ப்பு. சுவர் இருப்பது வாய்ப்பு, சுவரைப் பற்றி எழுதுவது அல்ல. பவுல் கொரிந்து சபையின் பந்திச் சண்டையை எழுத்தில் வைத்தார். அந்தக் கடிதத்தை உலகமே படித்துவிட்டது. திருச்சபை அதை மறைக்கவில்லை, புனித நூலில் சேர்த்தது.

என்ன செய்யலாம்

விவிலியம் படிக்கும் இளைஞர்களே, மாணவர்களே, உங்கள் சபையில் அன்பியக் கூட்டமோ வேதபாட வகுப்போ நடந்தால் ஒரு பகுதியை வாசித்ததும் ஐந்து கேள்விகள் கேளுங்கள். இங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்? யார் நின்றுகொண்டிருக்கிறார்? யாருக்குப் பெயர் இருக்கிறது, யாருக்கு இல்லை? யார் பரிமாறுகிறார், யார் உண்கிறார்? இது நம் ஊரில் நடந்தால் எந்தத் தெருவில் நடக்கும்? இந்தக் கேள்விகளுக்குக் கிரேக்கமோ எபிரேயமோ தெரிய வேண்டியதில்லை. ஊரைத் தெரிந்தால் போதும்.

அடுத்தது, உங்கள் ஊர் ஆலயத்தையே தொல்லியல் ஆய்வாளன் போலப் பாருங்கள். திருமுழுக்குப் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது? அடிக்கல்லில் யார் பெயர் இருக்கிறது, கல் சுமந்தவர்கள் யார்? திருவிழா மண்டகப்படிப் பட்டியலில் எத்தனை தெருக்கள், விடுபட்ட தெரு எது? கல்லறைக்குப் போகும் பாதை எத்தனை? பெரியவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு தலைமுறை போனால் இந்தச் சாட்சியங்களும் மண்ணுக்குள் போய்விடும்.

திருச்சபைப் பொறுப்பாளர்களிடம் நாம் கேட்பவை எளியவை. ஒரு பங்குக்கு ஒரே கல்லறை, இறந்த நாள் வரிசைப்படி குழி. நடுவே சுவரோ கம்பிவேலியோ இருந்தால் அடுத்த கல்லறைத் திருநாளான நவம்பர் 2க்குள் அகற்றப்பட வேண்டும். எல்லாருக்கும் ஒரே பாடை வண்டி, ஒரே பாதை. தேர் எல்லாத் தெருவுக்கும் போக வேண்டும், போகாத ஊரில் தேரே எடுக்கக் கூடாது. பங்குப் பேரவையிலும் நிதிக்குழுவிலும் மக்கள்தொகைக்கு ஏற்ற இடம் வேண்டும். திருச்சபைக் கல்வி நிறுவனங்களில் எத்தனை தலித் ஆசிரியர்கள், எத்தனை தலித் மாணவர்கள் என்ற கணக்கை ஆண்டுதோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். பாகுபாடு நடக்கும் பங்கில் திருவிழாத் திருப்பலிக்கு ஆயர் வரமாட்டார் என்று அறிவிக்க வேண்டும்.

இவற்றுக்கு எந்த அரசாணையும் தேவையில்லை, எந்த ஆணையத்தின் அறிக்கைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆயரின் ஒரு சுற்றறிக்கையும், அதைப் படித்துவிட்டுப் பின்வாங்காத பங்குத்தந்தையும், பக்கத்தில் நிற்க நாலு இளைஞர்களும் போதும். வடக்கன்குளத்தில் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே முடிந்தது இன்றைக்கு முடியாதா? வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் உங்கள் பங்குத்தந்தையிடம் போய் முதல் கேள்வியைக் கேளுங்கள்: "சாமி, நம்ம கல்லறையில எதுக்கு இந்தச் சுவரு?"